மொட்டை மட்டும் வேண்டாம்

"நானா, மொட்டை அடிச்சு விடுங்க" என்றபடி இனாஸ் கதிரையில் வந்து உட்கார்ந்ததும், சலூன் முதலாளி ஸப்ராஸின் கையிலிருந்த சீப்பு நழுவித் தரையில் விழுந்தது.

எத்தாளைச் சந்தியிலிருந்த அந்தச் சலூனுக்கு இனாஸ் புதியவன் அல்ல. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலோரக் களப்புத் தண்ணீரில் சறுக்கும் விளையாட்டை வெள்ளைக்காரர்களுக்குப் பழக்குகிறவன். தொழிலுக்கேற்ற கோலம் வேண்டுமென்று தோள்வரை முடி வளர்த்து, பொன்னிறமாக்கி, மாதம் இரண்டு தரம் சூடான அயனால் நேராக்கிக்கொள்வான். எல்லாம் அவன் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஸப்ராஸின் கைவேலைதான். கோழிக்குஞ்சு நிறத்தில் அப்படியொரு தலை அந்த வட்டாரத்தில் வேறு கிடையாது.

இப்போது வில்லங்கமே அதுதான். முந்தின நாள் அந்தி மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், கருவாட்டு வியாபாரி றஹ்மத் உம்மா மகளின் கலியாணக் காப்புகளை நகைக்கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வரும்போது, ஒருவன் பையைப் பறித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டான். முகத்தை மூடியிருந்தவன் தலையை மூடவில்லை. கோழிக்குஞ்சு நிற முடி என்று றஹ்மத் உம்மா பொலிஸில் சொன்னது விடியுமுன் ஊரெல்லாம் பரவிவிட்டது. பொலிஸ் இனாஸைத்தான் தேடுகிறது. அவனோ முடியை இறக்க வந்து நிற்கிறான்.

"என்னத்துக்குத் திடீரெண்டு மொட்டை?"

"மக்காவுக்கு உம்றா போறேன் நானா."

"உம்றாவுக்குப் போறவங்க அங்க போய்த்தானே முடி இறக்குற. இங்கேயே இறக்கிட்டு அங்க போய் என்னத்த இறக்கப் போறாய்?"

இனாஸின் முகம் சிவந்தது. ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று ஸப்ராஸ் நினைத்துக்கொண்டார்.

அந்த முடி தலையில் இருக்கும்வரைதான் எல்லாம். தரையில் விழுந்துவிட்டால் றஹ்மத் உம்மா எதைப் பார்த்து அடையாளம் காட்டுவாள்? தண்ணீர் சூடாக்கப் போவதுபோல் திரைக்குப் பின்னால் போய்ப் பொலிஸுக்குப் போன் எடுத்தார்.

"ஆள் இங்கதான் இருக்கான். சுணங்காம வாங்க."

திரும்பி வந்தவர் குரலில் தேன் ஒழுகியது.

"மொட்டை மட்டும் வேண்டாம் தம்பி. சூடு பட்டு முடி நொந்து போயிருக்கு, அவ்வளவுதான். நான் காப்பாத்தித் தாறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் தலையைக் கழுவினார். தயிரும் கற்றாழையும் குழைத்து, பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோலப் பூசினார். துவாயால் சுற்றிக் கட்டினார்.

"மேலால பூசினா மட்டும் போதாது. உள்ளுக்கும் சாப்பாடு வேணும். இந்தா, வைத்தமின் குளிசை. பயோட்டின், சிங்க் எல்லாம் இருக்கு. காலையில சாப்பிட்ட பொறகு ஒண்டு போடு."

"எவ்வளவு நானா?"

"காசெல்லாம் வேணாம்."

இனாஸ் கண்ணாடியில் அவரை விசித்திரமாகப் பார்த்தான். ஓசியில் ஒரு சொட்டு எண்ணெய் கொடுத்தறியாத மனிதர் அவர்.

"அயன் போடக்குள்ள இதெல்லாம் சொல்லல்லையே நானா?"

"அப்ப நீ கேக்கல்லையே."

வெளியே ஏதோ வாகனச் சத்தம் கேட்டது. ஸப்ராஸ் எட்டிப் பார்த்தார். மரக்கறி லொறி. இனாஸ் பொறுமையிழந்து எழுந்தான்.

"நேரமாகுது. நீங்க அடிக்காட்டி வேற சலூனுக்குப் போறேன்."

"தயிரோடயா போகப் போறாய்? இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்று ஸப்ராஸ் அவனைத் தோளில் அழுத்தி உட்கார்த்தினார்.

நல்லவேளையாக ஜீப் வந்து நின்றது. சார்ஜன் பஸ்தியான் இறங்குவதற்கு முன்பே றஹ்மத் உம்மா புயலாக உள்ளே நுழைந்தாள். துவாயைப் பறித்தெறிந்தாள். பொன்னிற முடியைக் கண்டதும் இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு.

இரண்டு கொத்தும் தயிரோடு அவள் கையிலேயே வந்துவிட்டன.

இனாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இதுக்குத்தான் மொட்டை அடிக்க வந்தேன். ராவைக்கு ராவை தலகாணி முழுக்க முடி. வெள்ளிக்கிழமை பொண்ணு ஊட்டுக்குப் போகணும். உங்கட கைவேலையாலதான் உதிருது எண்டு சொன்னா நானாட மனசு நோகும், அதான் உம்றா எண்டு சொல்லிட்டேன்."

றஹ்மத் உம்மா கையிலிருந்த முடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இறங்கி இரக்கம் வந்துவிட்டது.

"இவன் இல்ல சார். நேத்து அந்தக் கள்ளன்ட முடியையும் இப்பிடித்தான் புடிச்சேன். புடிச்சுத் தொங்கினேன். என்ட பாரத்துக்கு ஒத்த முடி கழரல்ல."

பஸ்தியான் கீழே விழுந்திருந்த ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றினார். அது பட்டென்று அறுந்தது.

"எந்த நல்ல தலையில இழுத்தாலும் நாலு முடியாவது கையில வரும் உம்மா. ஒண்டுமே வரல்லயெண்டா அது சொந்த முடியில்ல, ஒட்டின முடி." அவர் மெதுவாக ஸப்ராஸ் பக்கம் திரும்பினார். "இந்தப் பக்கத்துல அப்பிடி இறுக்கமா ஒட்டத் தெரிஞ்ச ஆள் யாரு, முதலாளி?"

கேட்டவுடனேயே மொட்டை அடித்து விட்டிருந்தால் இந்த வினையே வந்திருக்காதே என்று, முந்தின நாள் பொன்னிறப் பொய்முடியைத் தன் தலையில் ஒட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஸப்ராஸுக்கு அப்போதுதான் உறைத்தது.