படித்துக்காட்டக் கேட்டு

மூன்றாவது வரியில் அவள் பேனா நின்றது.

கரும்பலகையில் அந்த வரி முழுதாக இருந்தது. ஞானசிகாமணி சாரின் கையெழுத்து எப்போதும் அச்சடித்தது மாதிரி இருக்கும். இன்றைக்கும் அதற்கு ஒரு குறைச்சலும் இல்லை.

'மாணவி முத்துமாரி, ஆசிரியர் சொல்லாமல், தானாகவே சோடியம் விளக்கின் ஒயரைத் தொட்டாள்.'

இயற்பியல் வகுப்பின் மற்ற இருபத்திரண்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது பழகின வேலைதான். ரெக்கார்டு நோட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு, அது வருகிற மாதிரி அளவீடுகளைப் பிறகு நிரப்பிக்கொள்வார்கள். சாரும் சிவப்பு மையில் சரி போட்டுக் கொடுத்துவிடுவார்.

முந்தாநாள் லேபில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பாதிப் பேர் இன்னும் அந்த வெளிச்சத்தில் கோணத்தை அளந்து முடிக்கவில்லை. மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

"அந்த ஒயரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்க முத்துமாரி. மத்தவங்க பாத்து முடிக்கட்டும்" என்றார் சார்.

முத்துமாரி பிடித்தாள். சொன்னதைச் செய்கிற பெண்.

முத்துமாரிக்குப் பக்கத்தில் நின்றது, இப்போது பேனாவை நிறுத்திய இவள்தான். ஸ்டூல் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

நேற்று முத்துமாரியின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர்கள் வருகிறார்கள். அவர்களிடம் கொடுக்கத்தான் இந்த வாக்குமூலம்.

எழுதாமல் இருந்த அவள் பெஞ்சருகே சார் வந்து நின்றார். திட்டவில்லை. செய்முறைத் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

"ஒம்பது நாள் சார்."

தலையாட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

அவள் 'தானாகவே' என்று எழுதினாள். தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லாருடைய பேப்பரையும் வாங்கி அடுக்கிய சார், அவளுடையதை மட்டும் தனியே உருவினார். அடியில் ஒரு வரியைத் தன் கையாலேயே சேர்த்தார். 'மேற்கண்டதைப் படித்துக்காட்டக் கேட்டு, உண்மையென ஒப்புக்கொள்கிறேன். முத்துமாரியின் தாயார்.' மேசையிலிருந்த மைப் பெட்டியையும் எடுத்து நீட்டினார்.

"அவங்கம்மா வராந்தாவுல உட்கார்ந்திருக்கு. நீதான கூட்டாளி. படிச்சுக் காட்டிட்டு, கைநாட்டு வாங்கிட்டு வா."

காரியக்காரர்தான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

முத்துமாரியின் அம்மா அஞ்சுகம் தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். பேப்பரோடு இவள் வருவதைப் பார்த்ததும் முட்டியில் கையூன்றி எழுந்துகொண்டாள்.

"ஊர்ல என்னென்னமோ பேசுறாக தாயி. எம் புள்ள சேட்டை பண்ணித்தான் கையைக் குடுத்துக்கிட்டாளாம். நீ பக்கத்துல நின்னவ. நீ எழுதுனதைப் படி. நான் கேக்குறேன்."

அவள் பேப்பரைப் பிரித்தாள்.

எழுத்தெல்லாம் அவளுடையது. அதை இந்த முகத்துக்கு நேராக எப்படிப் படிப்பது?

அஞ்சுகம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு சரியாக எரியவில்லை" என்று அவள் தொடங்கினாள். "ஒயரை அழுத்திப் பிடிக்கும்படி சார் சொன்னார். அதனால்தான் முத்துமாரி பிடித்தாள்."

வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே, பேப்பரில் இல்லாததை எல்லாம் படித்தாள்.

"முத்துமாரி மீது ஒரு தவறும் இல்லை."

அஞ்சுகம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுது ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்படித்தான் அவளும் சொன்னா. யாரும் நம்பல. நீயாச்சும் உள்ளதை எழுதுனியே, நல்லாயிருப்ப தாயி."

கேட்காமலே மைப் பெட்டியைத் திறந்து பெருவிரலை ஒற்றினாள்.

"எங்க வைக்கணும்?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வகுப்பு வாசலில் சார் வந்து நிற்பது தெரிந்தது.

அவள் இடத்தைக் காட்டினாள்.

அஞ்சுகம் விரலை நன்றாக அழுத்தி வைத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர்ற ஆபீசருங்க கையில இதைத்தான் குடுக்கணும்னு சாருகிட்டச் சொல்லு. கலைஞ்சுறப் போவுது, பாத்து."

அவள் பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மை காயும் வரை ஊதினாள்.