பார்த்ததும் நம்ப வேண்டிய தராசு

"உள்ளே இருக்கிறது தெரியவே கூடாதும்மா. ஆனா, நேர்மை மட்டும் பளிச்சுன்னு தெரியணும்."

மார்ச் பதினேழு, செவ்வாய். காலை பதினொன்று பத்து. வெளியே மேகமூட்டம், காற்றில்லை. இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் கீழே தராசுக் கம்பெனி முதலாளி சொன்ன வாக்கியத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினாள் அவள். பொருள்களுக்கு உருவம் வரைந்து தருவது அவள் தொழில். இம்முறை, கடைகளில் வைக்கும் எடை மெஷின்.

வானிலையைக் குறிப்பதற்கும் காரணம் உண்டு. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று முதலாளி ஒருமுறை சாதித்தபோது, "அன்னைக்கு நல்ல மழை சார், உங்க குடை இந்த மூலையிலதான் சொட்டிக்கிட்டு இருந்தது" என்று வாசித்துக் காட்டிய பிறகே அவர் வாயை மூடினார்.

"சார், நேர்மைன்னா ஒளிவு மறைவு இல்லாததுதானே? அதுக்குத்தான் நாலு பக்கமும் கண்ணாடி வச்சேன்."

"கண்ணாடி வேண்டாம்மா." சற்று யோசித்துவிட்டு, "உடைஞ்சிடும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பட்டறையில் அண்ணன் ஏழாவது மாதிரியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் வரைவதை மரத்தில் செய்து தருபவன் அவன்தான்.

"போன வாரம் மூலையை மழுக்கச் சொன்னாரு. மழுக்கினா, இந்த வாரம் கையை விட்டு வழுக்குற மாதிரி இருக்குங்கிறாரு. நேர்மை என்ன சோப்புக் கட்டியா?"

"என்னைக் கேட்டா? நானே தலையைப் பிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அந்த ஆளை விட்டுட்டு வேற வேலையைப் பாரேன்."

"பன்னிரண்டு வருஷமா மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மேஜை விளக்குன்னு வரைஞ்சிருக்கேன். எதுலயாவது என் பேர் இருக்கா, அண்ணா? இவர் ஒருத்தர்தான் அடியில பொறிச்சுத் தர்றேன்னிருக்கார்."

"அடியிலதானே? யாரு கவுத்துப் பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்."

அண்ணன் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

எட்டாவது மாதிரியை எடுத்துச் சென்றபோது அவளுக்கே சிறிது கர்வம் இருந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு குழி. குழிக்குள் முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல். சந்தேகம் வருகிற எவரும் அதை எடுத்துத் தட்டில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓர் எண்ணத்துக்கு இதைவிட நேரான உருவம் கிடைக்காது என்று அவள் நம்பினாள்.

முதலாளி எடைக்கல்லைக் கையில் எடுத்தார். எப்போதும் அவர் முகத்தில் இருக்கும் சிரிப்பு, முதன்முறையாகக் காணாமல் போயிற்று.

"இந்தக் கல்லை எடுத்துடுங்க."

"ஏன் சார்? சந்தேகம் வந்தா வச்சுப் பார்த்துக்கலாமே?"

"சந்தேகமே வரக் கூடாதுன்னுதானேம்மா உங்களைக் கூப்பிட்டேன்!"

ஏப்ரல் ஒன்பது, மாலை நான்கு, சுட்டெரிக்கும் வெயில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

ஒன்பதாவது மாதிரி மிகவும் கண்டிப்பாக இருந்ததாம். பத்தாவது, ஆஸ்பத்திரியை நினைவூட்டியதாம். "ஆஸ்பத்திரியில மட்டும் நேர்மை இருக்காதாமா?" என்று அண்ணனிடம் கத்தினாள். "என்கிட்ட ஏன் கத்துற? நான் பத்துக்கும் வார்னிஷ் அடிச்சவன்" என்றான் அவன்.

பதினோராவதை அவள் கோபத்திலேயே வரைந்தாள். அகன்ற அடித்தளம், எங்கும் முறியாத ஒரே வளைவு, பால் வெள்ளை, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே அளவில் தெரியும்படி இருபுறமும் பெரிய எண்கள்.

முதலாளி அதை நான்கு முறை சுற்றிவந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார்.

"அம்மாடி! இதைப் பார்த்தா நானே நம்பிடுவேன் போலிருக்கே!"

தன் தொழிற்சாலையில் அதற்குள் எடை காட்டும் மெஷினைப் பொருத்தி, முதல் தராசு தயாரானதும் ஒப்புதலில் கையெழுத்திடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

மே நான்கு, காலை பத்து நாற்பது, விடாத மழை. மேஜை மீது தராசு பளபளத்தது. அவள் கேட்காமலேயே முதலாளி அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடித்தகட்டில், "வடிவமைப்பு" என்ற சொல்லுக்குக் கீழே அவளுடைய முழுப் பெயர், ஆழமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அவள் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பதினோரு மாதிரிகளின் எரிச்சலும் அந்தக் கணமே கரைந்தது.

"திருப்திதானே?" என்றபடி தராசை நிமிர்த்தி இயக்கிவிட்டு, முதலாளி ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டார். "மூணு ஊர்க் கடைகளுக்கு இதே தராசுதான். எல்லாத்துலயும் உங்க பேர்."

அவள் இரு கைகளாலும் கடிதத்தை வாங்கினாள். கசங்காமல் வைப்பதற்காகப் பையைத் திறந்தாள். அடியில், ஒரு மாதமாக எடுக்க மறந்திருந்த ஒரு கிலோ எடைக்கல் கனத்துக்கொண்டு கிடந்தது. அதை வெளியே எடுத்து, கைக்கு எட்டிய சமதளத்தில் வைத்தாள். அது தராசின் தட்டு.

எவரும் ஐயுற முடியாத பெரிய எண்களில், இருபுறமும் ஒரே நேரத்தில், தராசு காட்டியது: 1.080.

"அந்தக் கல்லை எடுத்துடுங்கன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று பேனாவை மூடினார் முதலாளி.