இரண்டு சிவப்புக் கார்கள்

கடலூர் ரோட்டில், ஓடிய கார்களை விற்கும் தகர ஷெட்டில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் மூக்கைத் தரையில் தேய்ப்பதுபோல் நிற்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு. பழைய மாடல் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. புதிய மாடலில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். "புதுசுல கியர் தானா மாறிக்கும்ங்க. லேடீஸுக்குத் தோதா இருக்கும்" என்கிறார் வியாபாரி ஆனந்தராஜ். வாங்கப்போகிற அகல்யாவிடம் அல்ல, கூட வந்திருக்கிற தம்பி பிரவீனிடம். சொந்தமாகப் பீங்கான் கம்பெனி வைத்த பிறகும், சூளையிலிருந்து இறங்கும் கப்புகளைத் விரிசல் உண்டா என்று தன் விரலால் தட்டிக் கேட்டுத்தான் பெட்டிக்குள் விடுகிறவள் அவள். அதே விரலை மடக்கிப் புதிய காரின் கதவிலிருந்து தட்டிக்கொண்டே போகிறாள். டங், டங், டங். பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் தொப். மறுபடி தட்டுகிறாள். தொப். ஆனந்தராஜின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கிறது.

"அடிபட்ட எடத்துல பட்டி பூசி மறச்சிருக்கீங்க."

"லேசா ஒரசுனதுதாங்க மேடம்." இப்போதுதான் அவர் அவளைப் பார்க்கிறார்.

பழைய காரைச் சுற்றித் தட்டுகிறாள். எங்கும் டங். கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் முன் உட்காருகிறாள். பிரவீன் குனிந்து கிசுகிசுக்கிறான். "பழச வாங்கி, அதையும் நீயே ஓட்டிக்கிட்டு வந்தா ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும்டா. அது என் காதுல வுழக்கூடாதுன்னுதான் இந்த வண்டி."

சாவியைத் திருப்புகிறாள். எஞ்சின் உறுமலில் தகரக் கூரை அதிர்கிறது.