புள்ளிக்கு ஏங்கிய ஓலை

அச்சுக்கூட மேசையில் கிடந்த பழைய பனையோலை, பக்கத்திலிருந்த ஈய எழுத்து ‘ல்’லின் தலைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏன் அக்கா இப்படிப் பார்க்கிறீர்கள்?” என்றது ‘ல்’.

“எழுத்தாணி குத்தி நான் ஓட்டையாகிவிடுவேன் என்று எழுதியவர்கள் எனக்குப் புள்ளியே வைக்கவில்லை. என்னிடம் ‘பல’ என்று இருந்தால், அது பல்லா, பலவா என்று படித்தவர்களுக்குத்தான் புரியும்.”

வாசலில் பூக்காரி, அச்சடித்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ப... ல்... பல்!” அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஓலை அந்தச் சிரிப்பைக் கேட்டது.

“உன் புள்ளியை என் மேல் ஒருமுறை அழுத்தேன்.”

“கிழிந்துபோவீர்களே அக்கா!”

“போகிறேன். அவள் வாயால் ஒரு சொல்லளவாவது படிக்கப்பட்டுவிட்டுப் போகிறேன்.”