கொண்டையில் வந்த தண்ணீர்

வெந்நீர்ப்பட்டி ஊற்றுநீர் முழுக்கக் கம்பெனிக்குச் சொந்தம். குளியல் தொட்டி கழுவுகிறவர்கள் வெளியே போகும்போது, உடம்பில் ஒட்டிய ஈரத்தைக்கூட வாசல் இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். கொண்டைக்குள் இருப்பது மட்டும் அதற்கு எட்டாது. அதனால் பேச்சித்தாய் வேலை முடிகிற நேரத்தில் முடியைத் தொட்டியில் முக்கி, இறுக்கி முடிந்துகொள்வாள். அந்தத் தொட்டிகளுக்குக் கல் சுமந்தே முட்டி தேய்ந்துபோன அவள் புருஷன் வேலாண்டிக்கு அதுதான் மருந்து.

இன்று காவலாளி சுடலைமணி வழிமறித்தான்.

"கொண்டைய அவுத்துக் காட்டுக்கா."

"என் வேலைக்கு வேட்டு வச்சிராத தம்பி."

"ரொம்ப நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். சொல்லணும்னா எப்பவோ சொல்லியிருப்பேன். எங்கம்மாவும் முட்டியப் பிடிச்சிட்டுத்தான் கெடக்கா. தெனமும் பாதிய இதுல பிழிஞ்சிட்டுப் போ." டிபன் டப்பாவை நீட்டினான்.

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. பிழிந்தாள்.

வீட்டில் வேலாண்டி வழக்கம்போல இரண்டு கால்களையும் நீட்டிக் காத்திருந்தான். அவள் அவன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"இனிமே ஒரு முட்டிக்குத்தான் பத்தும். எதுல பிழிய?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"கக்கூசுல ஊனி எந்திரிக்க வலதுதான் வேணும்," என்று சொல்லிவிட்டு, இடது முட்டியின் மேல் கைலியை இழுத்து மூடிக்கொண்டான்.