கதவுச் சத்தம்

அந்தப் பாட்டின் நடுவே ஒரு பெண் குரல் வரும்: “டைட்டஸ், சாப்பிட்டியா?” அது பாட்டுக்காக எழுதிய வரி இல்லை. வாடகை வீட்டுப் படுக்கையறையில் டைட்டஸ் கிதாரோடு பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அவன் மனைவி ஷைனி கதவைத் திறந்து கேட்டது. மைக் திறந்திருந்தது. அவன் கையை உயர்த்தி, பேசாதே என்று சைகை காட்டினான். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். “ரெண்டையும் எடுத்துடாத மச்சான், பாட்டுக்கு உயிரே அதுலதான் இருக்கு,” என்றான் பிறகு பதிவைக் கேட்ட டிரம்மர் நெல்சன். அந்தக் கதவுச் சத்தத்திலிருந்தே தன் முதல் அடியைத் தொடங்கினான். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கத் தொடங்கியபோது ஷைனி அந்த வீட்டில் இல்லை. இப்போது எந்த மேடையானாலும் அந்த இடத்தில் டைட்டஸ் நிறுத்துவான். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கேட்கும், “டைட்டஸ், சாப்பிட்டியா?” உடனே நெல்சன் டிரம்ஸில் கதவைச் சாத்துவான். இன்று கூட்டம் கேட்டு முடித்ததும் டைட்டஸ் அன்று போலவே கையை உயர்த்தினான், நெல்சனைப் பார்த்து. குச்சி அந்தரத்தில் நின்றது. கூட்டம் அடங்கியது. அவன் மைக்கருகே குனிந்தான். “இன்னும் இல்ல, ஷைனி.” நெல்சன் குச்சியை இறக்கவேயில்லை.