கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஆட்டிசம் ஆராய்ச்சி மையத்தின் விளையாட்டு அறையில் ஐந்து வயது மெர்லினை விட்டுவிட்டு, அவள் அம்மா ஜெசிந்தா சொல்லாமல் எழுந்து வர வேண்டும். அதுதான் சோதனை. அறைச் சுவரில் ஒருவழிக் கண்ணாடி; இந்தப் பக்கம் நிற்பவர்கள் உள்ளே இருப்பவளுக்குத் தெரியமாட்டார்கள்.

"மூணு நிமிஷம்தாம்மா," என்றார் ஆய்வாளர் சுகிர்தா, வெளியே வந்து பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவிடம். அவர் கையில் இருந்த படிவத்தில் நான்கு கட்டங்கள்: அழுதாள், அழைத்தாள், கதவைப் பார்த்தாள், எதுவும் செய்யவில்லை.

தான் பக்கத்தில் இல்லாதது மகளுக்கு உறைக்கிறதா என்று ஜெசிந்தாவுக்கு இதுவரை தெரியாது. மெர்லின் திரும்பவே இல்லை. ஒரு மரச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடங்கள் போய்விட்டன.

"ஒரு தடவ திரும்பும்மா," என்று ஜெசிந்தா முணுமுணுத்தாள்.

சுகிர்தாவின் பேனா கடைசிக் கட்டத்துக்கு இறங்கியபோது மெர்லின் எழுந்தாள். கதவுப் பக்கம் போகவில்லை. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போய், அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் அசையவில்லை.

"இத எதுல சேப்பீங்க, மேடம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

சுகிர்தா படிவத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.